கணக்கு முதலா, கோடிங் முதலா?

மெஷின் லேர்னிங் படிக்க நினைக்கிற நாகர்கோவில் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு எல்லாம் முடித்துவிட்டு இறங்குவதா, பைத்தானைத் திறந்து, டேட்டாவிலிருந்து கற்றுக் கணிக்கிற மாடலை நேரே ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் பக்கம் வருவதா? நான் முதல் வழியில் வந்தவன். என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

கோடிங் வழியின் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து வரியில் மாடல் ஓடும், இன்டர்வியூவில் காட்ட ஏதாவது கையில் இருக்கும். கணக்கு வழியில் போகிற பலர் லீனியர் அல்ஜீப்ராவில் வருகிற ஐகன் மதிப்பைத் தாண்டுவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இதில் வாதிட ஒன்றுமில்லை.

என்னைக் கணக்குப் பக்கம் நிறுத்துவது ஒரே விஷயம். மாடல் சொதப்பினால் யாருக்கும் தெரிந்துவிடும். நல்ல மார்க் வாங்கிக்கொண்டே ஏமாற்றுகிற மாடலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாகர்கோவில் பக்கத்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைக் காத்தாடிகளையே எடுத்துக்கொள்வோம். காற்றாலைக் கருவிகள் பொதுவாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரியைப் பதிவு செய்யும்: காற்றின் வேகம், திசை, மின் உற்பத்தி. இதை வைத்து நாளைய உற்பத்தியைக் கணிக்க வேண்டும். கோடிங் வழியில் வந்தவர் டேட்டாவை டிரெய்னிங் (மாடல் பழக), டெஸ்ட் (அதைச் சோதிக்க) என்று பிரிக்க, பைத்தானின் மெஷின் லேர்னிங் தொகுப்பான சைக்கிட்-லேர்னில் இருக்கிற ஃபங்ஷனை அப்படியே போடுவார். நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை அது வரிசையைக் கலைத்துத்தான் பிரிக்கும். காலை 10.10 பதிவு டிரெய்னிங்கில், 10.20 பதிவு டெஸ்டில். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பக்கத்துப் பெஞ்சுக்காரன் தாளைப் பார்த்து எழுதின பரீட்சை மாதிரி, மார்க் அள்ளிக்கொண்டு வரும்.

சோவியத் கணித ஆய்வாளர்கள் வாப்னிக்கும் செர்வோனென்கிஸும் 1971-இல் வெளியிட்ட முடிவு தொடங்கி, பார்த்த டேட்டாவில் கற்றது பார்க்காத டேட்டாவிலும் செல்லும் என்று உறுதி சொல்கிற அடிப்படைத் தேற்றங்கள் ஒரு நிபந்தனையோடு வருகின்றன. உதாரணங்கள் எல்லாம் ஒரே பரவலிலிருந்து (எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வரும் என்ற அமைப்பிலிருந்து), ஒன்றையொன்று சாராமல் வர வேண்டும். நம்மூர்க் காற்று இரண்டையும் மதிக்காது. 10.20 காற்று 10.10 காற்றைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே அடிக்கிற காற்று ஒரு பரவல், ஐப்பசி கார்த்திகைக் காற்று இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய கும்பப்பூ நெல் சாகுபடி மாதங்களில் பழக்கிய மாடலை ஆடிக் காற்றில் விட்டால், அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாடல் பறந்துவிடும்.

பிழையும் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி வலிக்காது. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்டிக் கணித்தால் ஆற்றல் 33 சதவீதம் கூடித் தெரியும். காத்தாடி தன் முழுத் திறனை எட்டிவிட்ட பிறகோ, அதே 10 சதவீதத் தவறால் கணிப்பு அசையவே அசையாது. சராசரிப் பிழை என்ற ஒற்றை எண் இதையெல்லாம் மூடிவிடும்.

ஆகவே தேதிப்படி பிரிக்க வேண்டும். முந்தைய மாதங்கள் பழக, பிந்தையவை சோதிக்க, நடுவில் சில நாள் இடைவெளி. ஒரு முழு வருடமாவது டிரெய்னிங்கில் இருக்க வேண்டும். மார்க் குறையும், அந்தக் குறைந்த மார்க்தான் நிஜம். நிபந்தனையைப் படித்தவருக்கு இந்தச் சந்தேகம் முதல் நாளே வரும். மற்றவருக்கு மாடல் களத்தில் கவிழ்ந்த பிறகு வரும்.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மாடலைப் பழக்க நாம் தினமும் போடுகிற ஆடம் என்ற முறை 2014-இல் வந்தது. அது சரியான விடையில் போய் நிற்கும் என்ற நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை 2018-இல் எதிர் உதாரணத்தோடு காட்டினார்கள். யாரும் ஆடமை விட்டுவிடவில்லை. நியூரல் நெட்வொர்க் என்கிற பல அடுக்கு மாடல்களில் பெரியவை, தாறுமாறாக ஒட்டிய லேபிள்களை, அதாவது தப்பான விடைகளைக்கூட மனப்பாடம் செய்துவிடும் என்பது 2016-இல் தெரிய வந்தது. அப்படியிருந்தும் நிஜ டேட்டாவில் அவை ஏன் நன்றாக வேலை செய்கின்றன என்பதற்குப் பழைய தேற்றங்களிடம் பதில் இல்லை. 2017-இல் மெஷின் லேர்னிங் ஆய்வாளர் அலி ரஹிமி இந்தத் துறையையே ரசவாதம் என்று மேடையில் சாடியபோது, நியூரல் நெட்வொர்க் முன்னோடிகளில் ஒருவரான யான் லெகுன் ஒப்புக்கொள்ளவில்லை. நீராவி எஞ்சின் வெப்ப இயக்கவியலுக்கு முந்தியது என்பது அவர் கட்சி. நிரூபணம் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு மாடலும் ஓடாது என்பதை நானும் ஏற்கிறேன்.

பெரிய மொழி மாடல்களைப் பழக்கிய அனுபவம் எனக்கில்லை. அங்கே என் கட்சி எடுபடாமல் போகலாம். அட்டவணை டேட்டா, காலவரிசை டேட்டா என்றால் தயங்காமல் சொல்வேன்: கணக்கு முதலில். அதற்காக அளவுக் கோட்பாடு (மெஷர் தியரி) என்கிற உயர்கணிதம் வரை போக வேண்டாம். சார்புநிலை நிகழ்தகவு (ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றின் வாய்ப்பு), மாதிரி எடுத்தல் (சாம்ப்ளிங்), பயாஸ்-வேரியன்ஸ் (மாடல் மிக எளிதாக இருப்பதால் வரும் பிழையும், டேட்டாவோடு அலைபாய்வதால் வரும் பிழையும்), இவ்வளவு போதும். மூன்று மாதத்தில் வேலை வேண்டும் என்கிறவர் கோடிங்கிலேயே தொடங்கட்டும், ஆனால் டேட்டாவைப் பிரிப்பதற்கு முன் மாதிரி எடுத்தல் பாடத்தை மட்டுமாவது படித்துவிடட்டும்.