ரேக் கட்டணத்தைக் குறைத்துவிட்டோம் என்று சொல்லும் கிரிப்டோ போக்கர் தளமா? பணம் போடும் முன் இதைப் படியுங்கள்

சின்னக் கிரிப்டோ போக்கர் தளம் எதிலாவது பணம் வைத்திருக்கிறீர்களா? "கட்டணத்தைக் குறைத்துவிட்டோம், சலுகையைக் கூட்டிவிட்டோம்" என்று அங்கிருந்து அறிவிப்பு வந்தால், அடுத்த கை (ஒரு சுற்று ஆட்டம்) ஆடுவதற்கு முன் புது விதிகளை வரிவரியாகப் படித்துவிடுங்கள். எனக்கும் அப்படியொரு அறிவிப்பு வந்தது. என் பணம் இன்னும் அங்கேதான் மாட்டிக்கிடக்கிறது.

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் நிறைவேறியதும் உள்நாட்டுத் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. அதன்பின் டெலிகிராம் குழுக்களில் "யுஎஸ்டிடி போட்டு ஆடலாம்" (டாலர் மதிப்பைப் பின்பற்றும் கிரிப்டோ நாணயம்) என்று வெளிநாட்டுத் தள லிங்க்குகள் வந்தபடி இருக்கின்றன. லிங்க் அனுப்புகிறவர்களில் பலருக்கு நாம் கட்டும் ரேக்கில் பங்கு போகிறது. அதை அவர்கள் சொல்வதில்லை.

போக்கரில் நாம் மோதுவது மற்ற ஆட்டக்காரர்களோடு. தளத்துக்கு வருமானம், ஒவ்வொரு கையிலும் சேரும் பந்தயப் பணத்திலிருந்து (பாட்) எடுக்கும் ரேக். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு கைக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுப்பார்கள் என்ற கேப், ஃப்ளாப் (நடுவில் வைக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வராமல் முடிந்த கையிலும் எடுப்பார்களா என்ற விதி, இவை இரண்டும் சதவீதத்தைவிட முக்கியம்.

நான் ஆடிய தளத்தில் முன்பு 5% ரேக், கட்டாயப் பந்தயம் (பிளைண்ட்) 50 சென்ட்/1 டாலர் உள்ள டேபிளில் கேப் 2 டாலர். ஃப்ளாப் வராவிட்டால் ரேக் கிடையாது. "மேம்படுத்திய" திட்டத்தில் ரேக் 4% ஆனது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். விதிகள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் கேப் என்ற வரியே இல்லை. 120 டாலர் பாட் ஒன்றில் முன்பு 2 டாலர் போகும், இப்போது 4.80. 50 டாலரைத் தாண்டிய எந்தப் பாட்டிலும் பழைய கணக்கைவிட அதிகம்தான். போதாததற்கு, நான் 3 டாலருக்கு உயர்த்தி, பிக் பிளைண்ட் (1 டாலர் கட்டாயப் பந்தயம்) போட்டவர் 10க்கு உயர்த்தி, நான் கைவிட்டால், யாரும் ஈடுகட்டாத 7 டாலர் அவருக்குத் திரும்பிய பிறகு மிஞ்சும் 6.50 டாலர் பாட்டிலும் (என் 3, அவருடைய 3, சின்ன பிளைண்ட் 50 சென்ட்) 26 சென்ட் எடுத்தார்கள். முன்பு அங்கே ஒரு சென்ட்கூட எடுத்ததில்லை.

சின்னத் தளத்தில் இது இன்னும் கொடுமை. இரவில் ஓடுவதே ஒன்றிரண்டு டேபிள், அதே முகங்கள். ஆறு பேர் தலைக்கு 100 டாலரோடு உட்கார்ந்து, மணிக்கு 70 கை ஓடி, கைக்குச் சராசரியாக 50 சென்ட் போனால் நான்கு மணி நேரத்தில் டேபிளிலிருந்து 140 டாலர் காணாமல் போகும். 600ல் ஏறக்குறைய கால்வாசி. நன்றாக ஆடுகிறவரும் அங்கே தேயத்தான் செய்வார்.

அடுத்தது ரேக்பேக், அதாவது கட்டிய ரேக்கில் நமக்குத் திரும்பி வரும் பங்கு. வாராவாரம் 30% யுஎஸ்டிடியாக வந்துகொண்டிருந்தது. அதை "60% வரை" என்று மாற்றினார்கள். கொடுத்தது தளத்தின் சொந்த டோக்கன். மூன்று மாதம் பூட்டு. அதன்பிறகும் அந்தத் தளத்துக்குள்ளேயே, அவர்கள் வைக்கிற விலைக்குத்தான் விற்க முடியும். வெளியே யாரும் வாங்காத டோக்கனில் எத்தனை சதவீதம் கொடுத்தாலும் என்ன பயன்?

500 டாலர் டெபாசிட் போனஸும் உண்டு. ஒவ்வொரு 50 டாலர் ரேக்குக்கும் 5 டாலர் விடுவிப்பு. முழுதாக எடுக்க 5000 டாலர் ரேக் கட்ட வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். போனஸ் ஓடும்வரை ரேக்பேக் நிறுத்தம். கூட்டிக் கழித்தால் 30% போய் 10% வந்திருக்கிறது. இதை மேம்பாடு என்று அறிவித்தவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பணத்தை எடுத்துவிடலாம் என்று வித்ட்ராயல் போட்டேன். ஆடத் தொடங்கும்போது கேட்காத கேஒய்சி அப்போது கேட்டார்கள். கொடுத்தேன். நிலை "அனுப்பப்பட்டது" என்று மாறியது. வாலட்டில் எதுவும் வரவில்லை. ட்ரான் என்ற கிரிப்டோ வலையமைப்பில் அனுப்பினால் பரிவர்த்தனை ஹாஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாளக் குறி) இருந்தே ஆக வேண்டும். அந்த வலையமைப்பின் பரிமாற்றங்களைக் காட்டும் ட்ரான்ஸ்கேன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் முகவரிக்கு அங்கே ஒரு வரவும் இல்லை. ஹாஷ் கேட்டால் "தொழில்நுட்பக் குழு பார்க்கிறது" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார்கள்.

ஆட்டக்காரர் பணத்தைத் தளம் தனியாக வைத்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. 2011ல் ஃபுல் டில்ட் போக்கர் என்ற ஆன்லைன் தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். இன்னொரு போக்கர் தளமான போக்கர்ஸ்டார்ஸ் அந்நிறுவனத்தை எடுத்துக்கொண்டதால் பணம் திரும்பியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அதுவும் 2014ல்தான் வரத் தொடங்கியது. சின்னக் கிரிப்டோ தளத்துக்கு அப்படி யாரும் வந்து பொறுப்பேற்கப் போவதில்லை. அனுப்பிய கிரிப்டோவை வங்கி மூலம் திரும்பக் கேட்கவும் வழியில்லை.

சைபர் குற்றப் புகார் எண்ணான 1930ல் புகார் பதிந்திருக்கிறேன். தளத்துக்கு இங்கே அலுவலகமும் இல்லை, உரிமமும் இல்லை. இதே மாதிரி அறிவிப்பு வந்த தளத்தில் பணம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சிறு தொகை ஒன்றுக்கு வித்ட்ராயல் போட்டு, ஹாஷ் வருகிறதா என்று பாருங்கள். பழைய ரேக் விதிகள், ரேக்பேக் வரவு, சப்போர்ட் உரையாடல் எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் தளத்தில் பழைய விதிகள் பக்கத்தை இப்போது நீக்கிவிட்டார்கள்.