மஞ்சக்குப்பத்தில் ஆஸ்துமாவை நிதானமாகப் பார்க்கும் ஒரு கிளினிக்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பொது மருத்துவர் ஒருவர் மாலையில் நடத்தும் சிறிய கிளினிக்கில் என் தாயார் கடந்த மழைக்காலத்திலிருந்து ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்று வருகிறார். மருத்துவருக்கு விளம்பரத்தில் விருப்பமில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதற்கு முன் நாங்கள் சென்ற இடத்தில் இழுப்பு வந்தால் நெபுலைசர் வைப்பார்கள், ஊசி போடுவார்கள், ஐந்து நாளுக்கு மாத்திரை தருவார்கள். மூச்சு சீரானதும் சிகிச்சையும் முடிந்துவிடும். இழுப்பு இல்லாத நாட்களிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி நீடிக்கிறது என்பதையும், உடனடி நிவாரணத்துக்குத் தரப்படும் சால்புடமால் மருந்து இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர அந்த அழற்சியைத் தணிக்காது என்பதையும் எங்களுக்கு முதலில் விளக்கியவர் இந்த மருத்துவர்தான். சால்புடமாலை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டு நெறியான ‘ஜினா’ 2019ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. அதன்படி, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டான புடசோனைடும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரி மருந்தாகவும், மூச்சு முட்டும்போது உடனடி மருந்தாகவும் என் தாயாருக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்றதும் நாங்கள் தயங்கியபோது, உள்ளிழுக்கும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கில் இருப்பதையும், இழுப்புக்கு இழுப்பு விழுங்கும் மாத்திரைகளின் அளவு மில்லிகிராம் கணக்கில் இருப்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

இந்தக் கிளினிக்கின் பெரிய சிறப்பு, இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையைச் சரிபார்ப்பதுதான். “நீங்க எப்படி இழுப்பீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்கம்மா” என்றார். என் தாயார் அழுத்திய மருந்தில் பாதி உதட்டோரமாக வெளியேறியது. உடனே மேசை இழுப்பறையிலிருந்து, இன்ஹேலரில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசர் ஒன்றை எடுத்து, இன்ஹேலரை நன்றாகக் குலுக்குவது, மூச்சை முழுவதும் வெளியே விடுவது, ஒருமுறை அழுத்தி மெதுவாக இழுப்பது, பத்து விநாடி அடக்குவது, முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புவது என ஒவ்வொன்றையும் செய்ய வைத்தார். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலர விட வேண்டும், துடைத்தால் பிளாஸ்டிக்கில் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தை உட்சுவரிலேயே ஒட்டவைத்துவிடும் என்பதை வேறு எவரும் எங்களிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை செல்லும்போதும் இந்தச் சோதனை உண்டு.

கடந்த நான்கு வாரங்களில் பகலில் எத்தனை முறை இழுப்பு வந்தது, இரவில் விழிப்பு வந்ததா, அவசர மருந்து எவ்வளவு தேவைப்பட்டது, படியேற முடிகிறதா என்று கேட்ட பிறகே மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் இழுப்பைத் தூண்டக்கூடும் என்பதால் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் நிறுத்தச் சொன்னவர், தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. என் பாட்டி இருந்திருந்தால் அவருடன் சண்டைக்கே போயிருப்பார்.

குறைகளும் உண்டு. ஊதும் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி வசதி இல்லாததால், மூச்சைத் திறக்கும் மருந்துக்குப் பின் ஊதும் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடுகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனைக்காகப் புதுச்சேரி வரை சென்றோம். இழுப்பு முற்றினால் செய்ய வேண்டியதை வாயால் மட்டுமே சொல்கிறார். வழிகாட்டு நெறிகள் கேட்பதோ எழுத்து வடிவத் திட்டம். பதற்றத்தில் யாருக்கு எது நினைவிருக்கும்? ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பது பெரிய செலவல்ல.

ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாத அளவு மூச்சுத் திணறுபவரை இங்கே அழைத்து வர வேண்டாம்; 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்வதே சரி. மற்றவர்கள் சீக்கிரமே வந்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் இன்ஹேலரையும் மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள்.