பாளையங்கோட்டைல பொலிட்டிக்கல் சயின்ஸ் ஆப்ஷனல் வகுப்பு: பாடம் அருமை, மெட்டீரியல் சுமார்

சிவில் சர்வீஸ் பரீட்சைக்கான இந்த வகுப்போட வாரக்கடைசி பேட்ச்ல சேரலாமான்னு தம்பி தங்கச்சிங்க நெறய பேரு கேக்கிய, அதான் எழுதுதேன். தாராளமா சேருங்க. சார் பாடம் எடுக்கிற விதத்துக்காகவே சேரலாம்.

அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சின்னா நாமல்லாம் பிரிட்டன மட்டும் படிச்சிட்டு பரீட்சைக்கு போயிருவோம். சார் நேரா ஸ்வீடனுக்கு போயிட்டாவ. போர்டு நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் ‘எழுதியிருக்கிறது’, அந்தப் பக்கம் ‘நடக்கிறது’. அங்க 1809 அரசியலமைப்புச் சட்டத்துல ராஜாதான் ஆளணும்னு இருந்துச்சி, 1917லயே நடைமுறைல அது போயாச்சி, ஆனா ஏட்டுல அப்படியே கெடந்து 1975ல புது சட்டம் அமலுக்கு வந்தப்போதான் அதயும் எடுத்தாங்க. இப்போ பிரதமர் பேர முன்மொழியுறது சபாநாயகர், ஓட்டு போடுறது பார்லிமெண்ட், ராஜா கார்ல் குஸ்தாவ் சட்டத்துல கையெழுத்துகூட போடுறதில்ல. நார்வேல 1814 சட்டப்படி நிர்வாக அதிகாரம் இன்னும் ராஜா பேர்லதான், அரண்மனைல அவரு தலைமைலதான் மந்திரிங்க கூடுவாங்க, முடிவு மட்டும் மந்திரிங்களோடது.

அதிகாரமே இல்லாத ராஜா எதுக்கு சார்னு ஒரு பையன் கேட்டான். ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயில்ல முன்னெல்லாம் சிங்கம்பட்டி ஜமீன் ராஜா ராஜ உடையில உக்காருவாவல்லா, ஜமீன் ஒழிஞ்சும் சனம் கும்பிட்டுச்சில்லா, ஆனா அது வழக்கம், இது சட்டம், ரெண்டயும் கொழப்பிக்கிடாதன்னு சொல்லிட்டு சார் ஹாக்கோன் கதைக்கு போனாவ. டென்மார்க் இளவரசரு, 1905ல நார்வே கூப்பிட்டப்போ மக்கள்ட்ட ஓட்டெடுப்பு நடத்துனாத்தான் வருவேன்னுட்டாரு, ஏறக்குறைய 79 சதவீதம் ஆதரவு. 1940 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் புகுந்து நார்வேக்காரனான நாஜி ஆதரவாளன் குவிஸ்லிங்க பிரதமராக்குன்னு நெருக்குதான். முடிவு உங்களோடது, ஆனா என்னால அவர நியமிக்க முடியாது, நீங்க ஒத்துக்கிட்டா நான் பட்டத்த விட்டு எறங்கிருதேன்னு மந்திரிங்கட்ட சொல்லிட்டாரு. மந்திரிங்களும் கூட நின்னாங்க. ஒரு அரசியலமைப்பு ராஜா எதுவர போகலாம்ங்கிறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரிஞ்சி இல்ல, மெயின்ஸ்ல அப்படியே எழுதலாம்.

டென்மார்க்க வேகமா முடிச்சிட்டாவ. 1849 சட்டம், 1953ல பொம்பளப் பிள்ளைகளுக்கும் பட்டம், 2024ல மார்கரெத்தே ராணி எறங்கி ஃபிரெடெரிக் வந்தது, அவ்வளவுதான். தரங்கம்பாடிய வச்சிருந்த நாடாச்சே, இன்னும் கொஞ்சம் சொல்லிருக்கலாம்.

கொற என்னன்னா அச்சடிச்ச நோட்ஸ். மூணு நாட்டயும் ஒரே அட்டவணைல போட்டு ‘பிரதமரை மன்னர் நியமிப்பார்’னு இருக்கு, ஸ்வீடனுக்கு அது சுத்தத் தப்பு. காசு வாங்கிட்டு இப்படி குடுக்கக் கூடாது, பிள்ளைங்க மார்க் போயிரும். ஆபீஸ்ல சொல்லிருக்கேன், மாத்துற வர நோட்ஸுக்கு தனியா பணம் கட்டாதீங்க, போர்டுல சார் எழுதுறத முழுசா எழுதிக்கோங்க.