பிஎஸ்6 டீசல் கார் வச்சிருக்கிறவங்க கவனத்துக்கு: வேலூரில் ஆயில் மாத்தப் போய் ரூ.4,850 போச்சு

நேத்து சாயங்காலம் போன காசு ரூ.4,850. கோபம் இன்னும் அடங்கல. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் டீசல் கார் ஓட்டுறவங்க யாரும் இப்படி ஏமாறக்கூடாது. எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

ஊருக்குள்ள ஒரு ஆயில் கடை, வாசல்லயே மாத்திக் கொடுப்பாங்க. '5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3'ன்னு இருக்கிற மேனுவல் பக்கத்தையே கடைக்காரர் கையில கொடுத்தாச்சு. (ஏசிஇஏங்கறது ஐரோப்பிய கார் கம்பெனிகளோட சங்கம், சி3 அவங்க வச்ச ஆயில் தரம்.) கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வரியில விரலை வச்சு நிதானமாப் படிச்சார். "அதேதான் சார், ஃபுல் சிந்தெட்டிக், கண்ணை மூடிக்கிட்டு ஊத்தலாம்"னார். அவ்வளவு பொறுமையாப் படிச்சவர் சொன்னா யார்தான் நம்பமாட்டாங்க? அஞ்சு லிட்டர் ஆயில், ஃபில்டர், லேபர் சேர்த்து ரூ.4,850.

ஊத்தி முடிச்சப்புறம் காலி கேனைத் திருப்பினா, 'ஏபிஐ எஸ்என்/சிஎஃப், ஏசிஇஏ ஏ3/பி4'. ஏபிஐங்கறது அமெரிக்க பெட்ரோலிய அமைப்போட தரம். சி3 எங்கயுமே இல்ல.

5டபிள்யூ-30ங்கறது ஆயிலோட தடிமன் மட்டும்தான். ஏ3/பி4, சி3 ரெண்டும் சூட்டுல ஒரே அளவு தாங்கும். வித்தியாசம் சாம்பல்ல இருக்கு. சி3-ல சல்ஃபேட்டட் ஆஷ், அதாவது ஆயில் எரிஞ்சா மிஞ்சற சாம்பல், 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஏ3/பி4-ல 1.0-லேர்ந்து 1.6 வரைக்கும் போகும். பிஎஸ்6 டீசல் கார்ல புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டிதான் டிபிஎஃப். அதுல சேர்ற கரி ரீஜென்ல, அதாவது வண்டி தானாவே அந்த வடிகட்டியைச் சூடாக்கிச் சுத்தம் பண்றப்போ, எரிஞ்சுடும். ஆயில்ல இருக்கிற கால்சியம், துத்தநாகம் விடற சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கிடும். ஒரு தடவை ஊத்தினதுல டிபிஎஃப் அடைச்சுக்காதுதான். ஆனா ஒவ்வொரு தடவையும் இதையே ஊத்தினா சாம்பல் இடத்தைப் பிடிச்சு, ரீஜென் அடிக்கடி வரும். காட்பாடி பாலத்து நெரிசல்ல அது பாதியில நிக்கும். நிறைய வண்டியில எரியாத டீசல் கீழ இறங்கி ஆயில்ல கலந்து, டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) மட்டம் ஏறும். டிபிஎஃப் மாத்தற நிலைமை வந்தா ரூ.4,850 சில்லறைக்காசு.

போன் பண்ணினா, "சிஎஃப் போட்டிருக்கே சார், டீசலுக்குத்தான் அது". சிஎஃப் 1994-ல வந்தது, ஏபிஐயே எப்பவோ ஓரங்கட்டிடுச்சு! காலையில நேர்ல போனா, "ஐரோப்பா நம்பரெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கு?" அப்புறம், "திறந்த கேனை வாங்கமாட்டோம்." அதுக்கப்புறம் ஓனர் ஊர்ல இல்லையாம். பில்லுல வெறும் 'ஆயில் 5லி'. ரூ.4,850-க்கு அவ்வளவுதான் எழுத்து.

சொல்றேன்னதைச் சுருக்கமா சொல்லிடறேன். பழைய ஆயிலை இறக்கற ட்ரெயின் போல்ட்ல ஸ்பேனர் வைக்கிறதுக்கு முன்னாடி கேனோட பின்பக்கத்தை நீங்களே படிங்க. ஏபிஐல எஸ்னு தொடங்கினா பெட்ரோலுக்கு, சின்னு தொடங்கினா டீசலுக்கு; ஏசிஇஏ சி3-ல இருக்கிற சி வேற. 2020-ல வந்த ஏபிஐ எஸ்பி தரம் போட்டிருந்தாலும் அது சி3 ஆயிடாது. மேனுவல்ல கார் கம்பெனி அப்ரூவல் நம்பர் கேட்டிருந்தா, அதே நம்பர் கேன்ல இருக்கணும். சீலை உங்க கண் முன்னாடி உடைக்கச் சொல்லுங்க. பில்லுல 'சி3'ன்னு எழுதி வாங்குங்க.

இந்த ஆயிலை இறக்கணும், வண்டியை எடுக்கறேன்.