பைத்தானா, லிஸ்ப்பா?

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் ஏலக் கணக்குக்கு புரோகிராம் எழுத நினைக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு கணினி மொழிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: இரண்டுமே இலவசம்.

நூலகங்கள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்): பைத்தானில் அட்டவணைக் கணக்குக்கான பாண்டாஸ் இருக்கிறது. நகரை மீன், நண்டு, கணவாய் என்று வகைவாரியாகக் கூட்ட ஒரே வரி போதும். லிஸ்ப்புக்குக் குவிக்லிஸ்ப் என்ற, நூலகங்களை இறக்கித் தரும் கருவி வழியாகக் கொஞ்சம் கிடைக்கும். மீதியை நாமே எழுத வேண்டியதுதான்.

வளைந்துகொடுத்தல்: இங்கே லிஸ்ப்தான் ராஜா. மேக்ரோ (நிரலையே உருவாக்கித் தரும் நிரல்) எழுதி 'ஏலம்' என்றே ஒரு புதுக் கட்டளை உருவாக்கலாம்; தரகு, முன்பணக் கழிவு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பைத்தானின் இலக்கணத்தில் அப்படிக் கைவைக்க முடியாது.

ஆயுள்: லிஸ்ப்பின் முக்கிய வகையான காமன் லிஸ்ப்புக்கான தர வரையறை 1994-இலேயே முடிவானது, பழைய நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும். பைத்தானின் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கு மாறப் பட்ட பாடு ஊரறிந்தது.

அடுத்த மாதமே ஏலக்கூடத்தில் ஓட வேண்டுமென்றால் பைத்தான். விதிகள் அடிக்கடி மாறும், பராமரிப்பதும் நீங்களேதான் என்றால் லிஸ்ப்.