சுங்கை சிப்புட்டில் சம்பளச் சீட்டு பார்த்துச் சொல்லும் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பழைய கடை வரிசையில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு போட்டோஸ்டேட் கடை இருக்கிறது. போட்டோஸ்டேட், பாரம் நிரப்புதல், மனு டைப் அடித்தல் என்று பலகையில் எழுதியிருக்கும். சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்வது பலகையில் இல்லை. ஆனால் மாத ஆரம்பத்தில் வாசல் வரைக்கும் நிற்கிற கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள், பாதுகாவலர்கள், லாரி அட்டெண்டன்கள், என்னைப் போல் தொழிற்சாலையில் பேக்கிங் பார்க்கும் பெண்கள் என்று எல்லாரையும் அங்கே பார்க்கலாம்.

கடைக்காரர் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எழுதி, சம்பளம் போட்டுக் கொடுத்த கை. ஊரில் அவருக்குப் பேர் கிராணி ஐயா. நானும் அப்படியே எழுதுகிறேன்.

சீட்டை நீட்டியதும் கால்குலேட்டரை எடுக்கமாட்டார். முதலில் கேள்விதான். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? வார ஓய்வு நாள் எது? எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்கு வெளியே வருகிறீர்கள்? சாப்பாட்டு நேரம் எவ்வளவு? இதையெல்லாம் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு கணக்கை அவர் போடமாட்டார், நம்மைப் போடச் சொல்வார். எனக்கு இந்தக் கடையில் மிகவும் பிடித்தது இதுதான். வேறு இடத்தில் பாரம் நிரப்பக் கொடுத்தால் நிரப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். இவர் பென்சிலை நம் கையில் கொடுத்துவிடுகிறார்.

என் சீட்டில் அவர் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். என் அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 2025-இல் வந்த குறைந்தபட்ச சம்பளம் அதுதான். சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 சென். அதை 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாள் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 சென் வர வேண்டும். என் சீட்டில் 10 வெள்ளி 63 சென் இருந்தது.

"தங்கச்சி, உங்க ஆபீஸ்ல 30-ஆல வகுத்திருக்காங்க. இதுல எழுதியிருக்கு பாருங்க, 26" என்று 1955 வேலைச் சட்டப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தாள் நைந்துபோன புத்தகம். அந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

மணிக்கு 1 வெள்ளி 63 சென் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் செய்கிற ஆளுக்கு அது கிட்டத்தட்ட 98 வெள்ளி. அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், பால்மாவு எல்லாம் அதில் வாங்கலாம். எங்கள் பேக்கிங் லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் இதே கணக்குத்தான் போட்டிருந்தார்கள். நாங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கணக்கையும் இணைத்து மேனேஜரிடம் கடிதம் கொடுத்தோம். அடுத்த சம்பளத்திலிருந்து 26 ஆகிவிட்டது. பழைய பாக்கிக்கு இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கிடைக்கவில்லை என்றால் லேபர் ஆபீசில் புகார் கொடுக்க மனு தயாராக இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்தில் சம்பள வழக்குப் போட வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. இதைத் தெரியாமலேயே பயந்துபோய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் இன்னொன்று, இதை நான் வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சீட்டில் இபிஎப் (ஊழியர் சேமநிதி) பிடித்த தொகையையும் சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) பிடித்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஓவர்டைம் காசுக்கு இபிஎப் பிடிப்பதில்லை, சொக்சோ கணக்கில் அது சேரும். அதனால் சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாகவே வைத்துவிட்டு, மீதியை எல்லாம் ஓவர்டைம் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். கையில் வாங்கும்போது பெரிய சம்பளம் போலத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் இபிஎப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் அதில் அதிகம் சேரவில்லை என்று தெரியவரும். 12 மணி நேர ஷிப்டில் நிற்கும் பாதுகாவலர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஓய்வு நாள், பொது விடுமுறைக் கணக்கு தனி. மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம் கூடுதலாக வர வேண்டும். 8 மணி நேரம் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் கூடுதல், நேரம் தாண்டினால் மூன்று மடங்கு. சட்டம் கட்டாயமாக்கிய 5 விடுமுறைகளில் தீபாவளி கிடையாது. மீதி 6 நாளில் முதலாளி அதைச் சேர்த்து அறிவித்தால்தான் உண்டு. வருஷ ஆரம்பத்திலேயே நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிடுங்கள்.

வார வேலை நேரம் 2023 ஜனவரி 1-லிருந்து 48 மணியில் இருந்து 45 ஆகிவிட்டது. எங்கள் இடத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை 8, சனி 5. இன்னும் 48 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு பழைய சம்பளமே கொடுக்கும் சின்னச் சின்ன இடங்கள் நம் பக்கத்தில் உண்டு. அந்த 3 மணி நேரம் ஓவர்டைம். கேட்டு வாங்க வேண்டிய காசு அது. மாதம் 4,000 வெள்ளிக்கு உள்ளே வாங்குகிறவர்களுக்கு இந்த ஓவர்டைம் விதி பொருந்தும். முன்பு அந்த வரம்பு 2,000 வெள்ளியாக இருந்தது.

கடைச் சுவரில் மணிலா அட்டையில் கையால் எழுதிய வேலை நேர, ஓவர்டைம் பட்டியல் ஒன்று தொங்குகிறது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, பிரான்ஸ் என்று நான்கு வரி. காத்திருக்கும் நேரத்தில் எல்லாரும் அதைத்தான் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்கிறார்களே, தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அங்கேயுள்ள சீட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே வாரம் 44 மணி, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. உடல் உழைப்புத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 4,500 டாலர் வரை, மற்றவர்களுக்கு 2,600 டாலர் வரைதான் அந்த விதி. 2016 ஏப்ரலில் இருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பதும் கட்டாயம்.

அந்தப் பட்டியலில் என் கண் நின்ற இடம் ஓவர்டைமின் மாத உச்சவரம்பு. சிங்கப்பூரில் 72 மணி நேரம். நமக்கு 104. ஒரு மாதத்துக்கு 32 மணி நேரம் வித்தியாசம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக 104 மணி நேரத்தையும் கேட்கிற சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். சம்பளம் பத்தாததால் தலையாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வரம்பு 1980-ஆம் ஆண்டு விதிமுறையில் இருக்கிறது. வார வேலை நேரத்தைக் குறைத்தவர்கள் இதையும் சேர்த்துக் குறைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் கூட வேலை செய்த ஒரு அக்கா இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீட்டுக்குப் போகும்போது தூங்கிப்போய் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி என்று வைத்தாலும் ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு என்று எழுதியது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். பிரான்சில் வாரம் 35 மணி. அதற்கு மேல் முதல் 8 மணி நேரத்துக்கு 25 விழுக்காடு கூடுதல், பிறகு 50. பட்டியலுக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில், துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வைக்கக்கூடாது என்பதோடு, பத்து பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. அந்த வரியைப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடை மிகவும் சின்னது, நான்கு பேருக்கு மேல் உட்கார முடியாது, ஒரே ஒரு காற்றாடி. வாட்ஸ்ஆப்பில் சீட்டுப் படத்தை அனுப்பினால் பார்க்கமாட்டார், நேரில் வரச் சொல்வார். ஷிப்டில் இருப்பவர்களுக்கு இது கஷ்டம். போட்டோஸ்டேட் விலை மற்றக் கடைகளைவிடக் கூடுதல். எல்லார் முன்னாலும் சம்பளத்தைச் சத்தமாகப் படித்துவிடுகிறார், கூச்சப்படுகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு மேசையை உள்பக்கம் தள்ளிப் போட்டால் இதைச் சரிசெய்துவிடலாம், அவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஈப்போ லேபர் ஆபீசுக்குக் கூட வரமாட்டார். மனு எழுதிக் கொடுப்பதோடு சரி. அங்கே பேச மலாய் தடுமாறும் வயதானவர்கள் பிள்ளைகளில் யாரையாவது அழைத்துக்கொண்டு போவது நல்லது.

சீட்டு பார்க்க 5 வெள்ளி, மனு எழுத 20 வெள்ளி. முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு 555 புத்தகத்தைச் சும்மா கொடுக்கிறார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஓவர்டைம் செய்யச் சொன்னவர் பேர் மூன்றையும் அன்றன்றைக்கே எழுதச் சொல்கிறார். பஞ்ச் கார்டு ஆபீசின் கையில் இருக்கிறது, இது நம் கையில் இருக்கும் என்கிறார். எங்கள் கடிதத்தோடு கணக்கைத் தேதி வாரியாக இணைக்க முடிந்தது இந்தப் புத்தகங்களால்தான். சீட்டே கொடுக்காத முதலாளியிடம் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். சம்பள விவரத்தை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை, கொடுக்கவில்லை என்றால் அதற்கே தனியாகப் புகார் செய்யலாம்.

காலை 9 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்குச் சாத்துகிறார், மறுபடி 4-லிருந்து 7 வரை. வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலுக்குப் போய்விடுவார், அன்றைக்குப் போக வேண்டாம். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் 7-ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கூட்டம் தாங்காது. 12-ஆம் தேதிக்கு மேல் போனால் நிதானமாக உட்கார்ந்து பேசலாம். கடைசி மூன்று மாதச் சீட்டு, வேலை ஒப்பந்தம், நேரம் எழுதிய புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒப்பந்தம் மலாயில் இருந்தாலும் பரவாயில்லை, வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்கிறார்.