களியக்காவிளையில் ஐம்பது நிமிடம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை எங்கள் ஊர். அங்கே மூன்று வாரம் இருந்துவிட்டு பர்மிங்காம் திரும்பி நான்கு நாள் ஆகிறது. திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சுசீந்திரம் என்று மகனைக் கூட்டிக்கொண்டு போன இடமெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. என் மனசில் இன்னும் உட்கார்ந்திருப்பது போன அன்றைக்கு விடியற்காலை கேரள எல்லையில், களியக்காவிளையில் நடந்ததுதான். என்னைப் போல் பிள்ளையோடு தனியாக ஊருக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நம் ஊருக்கு விமான நிலையம் பக்கத்து மாநிலத்தில். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் பக்கத்து கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, திருவனந்தபுரம் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அப்பா மஸ்கட்டிலிருந்து வந்த காலத்தில் இது ஒரு தூரமாகவே தெரிந்ததில்லை. ஒருவர் வந்து இறங்க ஒன்பது பேர் வேன் பிடித்துப் போவோம். ராத்திரியே கிளம்பி, பாலராமபுரத்தில் சாயா குடித்து, விமான நிலையத்து வேலிக்கு வெளியே நின்று அப்பாவின் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். டிரைவர் நம் தெருக்காரர். எல்லையில் என்ன காட்ட வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு.

இந்த முறை அண்ணன் வருகிறேன் என்றுதான் சொன்னான். கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதனை ராத்திரியில் அறுபது கிலோமீட்டர் ஓட்ட வைக்க எனக்கு மனசில்லை. வேண்டாம், ஆப்பில் டாக்ஸி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பர்மிங்காமில் நைட் டியூட்டி முடிந்து அப்படித்தானே தினமும் வீட்டுக்குப் போகிறேன். அங்கே பழகிய பழக்கத்தை இங்கேயும் நம்பினேன்.

விமானம் இறங்கியது மூன்று மணிக்கு. விமான நிலைய வைஃபையில் வண்டி உடனே கிடைத்தது. எல்லைக்குப் பக்கத்தில் காரோடு என்ற ஊர் வரைக்கும் புது பைபாஸ், கான்கிரீட் ரோடு. மகன் மடியில் தூங்கிவிட்டான். பரவாயில்லையே, ஊர் இவ்வளவு மாறிவிட்டதே என்று எனக்கு உள்ளபடியே சந்தோஷம். அப்புறம் பழைய ரோட்டுக்கு ஏறி, களியக்காவிளை தாண்டியதும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"மேடம், தமிழ்நாடு பெர்மிட் எடுத்தில்லா."

கேரளா பதிவு வண்டி அது. வாடகை வண்டி மாநில எல்லை தாண்டினால் அந்த மாநிலத்துக்கு வரி கட்ட வேண்டும், முன்கூட்டியே ஆன்லைனில் கட்டிவிடலாம். தக்கலை என்று நான் போட்டதை ஆப் வாங்கிக்கொண்டது, கட்டணமும் சொன்னது, ஆனால் இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எல்லை தாண்டி வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை. போனை எடுத்து வெப்சைட்டைத் திறந்தார். சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி திறந்தார். வண்டி எண் போட்டு, எத்தனை நாள் என்று போட்டு, பணம் கட்டும் பக்கம் வரும்போது நின்றுவிட்டது. மூன்றாவது முறை பக்கம் வந்தது, அவர் கணக்கில் பணம் இல்லை. "மேடம் ஜிபே செய்யாமோ?" என்றார்.

அங்கேதான் நான் மாட்டினேன். என் இந்திய சிம் செத்துப்போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. கைப்பையில் ஐம்பது பவுண்டும், போன தடவை பத்திரமாக எடுத்து வைத்த இரண்டு இரண்டாயிரம் ரூபாய்த் தாளும். அந்தத் தாளை 2023 மே மாதமே ரிசர்வ் வங்கி திரும்பப் பெற்றுவிட்டது, இப்போது ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் மாற்ற முடியும். தெரிந்தும் பையில் வைத்திருந்தேன். ஏடிஎம் எங்கே என்று பார்க்கலாம் என்றால் தூங்குகிற பிள்ளையையும் மூன்று பெட்டியையும் விட்டுவிட்டு எங்கே நடப்பது? வைஃபையை நம்பி வந்ததால் என் போனில் நெட்டும் இல்லை. அண்ணனைக் கூப்பிடலாம் என்றால் அவன் பதறிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவான். எல்லைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போக வழி தெரியாமல் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து வேல்ஸுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம், ஒரு வரவேற்புப் பலகை வரும், அவ்வளவுதான் எல்லை. செவர்ன் பாலத்தில் இருந்த சுங்கத்தையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். ஒரே நாட்டுக்குள், ஒரே ரோட்டில், ஒரு காலத்தில் ஒரே திருவிதாங்கூராக இருந்த மண்ணில், நோயாளியோ குழந்தையோ வண்டியில் இருந்தாலும் இப்படி ஒரு காகிதத்துக்கு நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எதிரில் ஒரு சாயாக்கடை அப்போதுதான் பலகை எடுத்தது. பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்கயாக்கும் மக்களே போணும்?"

"தக்கலைக்கு மாமா. பெர்மிட் இல்லன்னு நிக்குது."

"அதுக்கு எதுக்கு கரையிய? பிள்ளையத் தூக்கிட்டு உள்ள வந்து இரி."

மகனைப் பெஞ்சில் கிடத்தினேன். அவர் டிரைவரிடம் போனை வாங்கவில்லை. தன் மகனை எழுப்பி வரச்சொன்னார். அந்தப் பையன் தன் போனிலேயே வெப்சைட்டைத் திறந்து, வண்டி எண் கேட்டு, தன் கணக்கிலிருந்தே பணத்தைக் கட்டிவிட்டான். எல்லையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கம் போல. ரசீதைப் படம் பிடித்து டிரைவருக்கு அனுப்பினான். நான் பவுண்டை நீட்டினேன். பெரியவர் சிரித்தார். "இது இங்க செல்லாது. வீட்டுக்குப் போயி மெதுவா அனுப்பினா போதும்." பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பாலில் இஞ்சி தட்டிப் போட்ட சாயா ஒரு கிளாஸ் கையில் கொடுத்தார். கிளம்பும்போது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இப்படி ஒரு ஆளை பர்மிங்காமில் பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சரி, அடுத்து போகிறவர்களுக்கு. பிள்ளையோ வயதானவர்களோ உடன் இருந்தால் விமான நிலையத்தில் போய் வண்டி தேடாதீர்கள். நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டத்து வண்டி, டிஎன் 74, டிஎன் 75 பலகை போட்டது, வீட்டார் மூலம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்களும் கேரளத்துக்குள் வர வரி கட்ட வேண்டியவர்கள்தான், ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை இந்த ரோட்டில் ஓடுகிறவர்கள், கட்டிவிட்டே வருவார்கள். அந்தப் பக்கத்து வண்டியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பெட்டி ஏற்றும் முன்பே பெர்மிட் போட்டாச்சா என்று கேளுங்கள். வரி யார் தருவது என்றும் அப்போதே பேசிவிடுங்கள்.

பகலில் இறங்கினால், சுமை குறைவாக இருந்தால், ரயில் நல்லது. விமான நிலையத்திலிருந்து தம்பானூருக்கு ஆட்டோ, அங்கே திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சாதாரண டிக்கெட். ரயிலுக்கு எல்லையில் பெர்மிட் கிடையாது. மார்த்தாண்டத்துக்காரர்கள் குழித்துறையிலும், தக்கலைக்காரர்கள் இரணியலிலும் இறங்கலாம். நாகர்கோவில் என்றால் மட்டும் ஜங்ஷனா டவுனா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். குருவாயூர் எக்ஸ்பிரஸ் போல சில வண்டிகள் டவுனில்தான் நிற்கும், கூப்பிட வருகிறவர் ஜங்ஷன் இருக்கும் கோட்டாறில் போய் நின்றுகொண்டிருப்பார்.

பணம்தான் இதில் பெரிய விஷயம். யுபிஐ இல்லாமல் இப்போது ஊரில் வாழைக்குலைகூட வாங்க முடியாத மாதிரி ஆகிவிட்டது, கடைக்காரர் சில்லறை வைத்துக்கொள்வதே இல்லை. எனக்கு ஊர் போன பிறகுதான் தெரிந்தது: 2023-லேயே இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், ஹாங்காங் எண்களை வெளிநாட்டில் இருக்கும் நமக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். குவைத் அந்த முதல் பட்டியலில் இல்லை. உங்கள் வங்கியும் ஆப்பும் அதை ஏற்கிறதா என்று இங்கிருந்தே போட்டுப் பாருங்கள். இந்திய சிம்மையும் சாகவிடாதீர்கள். 90 நாள் ஒரு பயன்பாடும் இல்லையென்றால் எண் கையை விட்டுப் போகலாம். தட்கல் டிக்கெட்டுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு வேண்டும், அதற்கு ஓடிபி வருவது ஆதாரில் கொடுத்த அந்த எண்ணுக்குத்தான். சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தபோது அதிலும் அவதிப்பட்டேன், கடைசியில் அண்ணன் கணக்கில் எடுத்தோம். முன்பதிவு இப்போது 60 நாள்தான், பழைய 120 நாளை நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். இரண்டாயிரம் தாள் கையில் இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கியில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

அந்தப் பணத்தை மறுநாளே அண்ணன் போனிலிருந்து அனுப்பிவிட்டோம். ஆனால் சாயாவுக்குக் கொடுக்கவில்லை. திரும்பி வரும் வழியில், ஒரு டிஎன் 75 வண்டியில், அண்ணனும் அம்மாவும் கூட இருக்க, அந்தக் கடையில் நிறுத்தச் சொன்னேன். பெரியவருக்கு என் முகம் தெரியவில்லை, மகனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "பெஞ்சுல கெடந்து ஒறங்குன பயதானே?" நாலு சாயா போட்டார். அன்றைய ஒன்றையும் சேர்த்து ஐந்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நாலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மகன் சட்டைப் பையில் வைத்தார்.

"அது அடுத்த வட்டம் வரும்ப தாருங்க" என்றார்.